சேர்க்கப்படும் கோப்புகளும் பிழையின் இடமும்: சி மொழிப் பகுப்பானின் வரலாற்றில் ஒரு சிக்கல்

நிரலில் பிழை இருப்பதை அறிவிப்பதோடு, அது எந்தக் கோப்பில், எந்த வரியில் உள்ளது என்று காட்டுவதும் தொகுப்பியின் கடமையாகும். ஒரு கோப்பினுள் மற்றொன்றைச் சேர்க்கும் வசதி இவ்விரண்டாம் கடமையைக் கடினமாக்கிற்று. சி மொழியில் இச்சிக்கல் எந்த அளவுக்குத் தீர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெல் ஆய்வகத்தில் டெனிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் முன்செயலி 1972-73 அளவில் இணைந்தது. ஆலன் ஸ்னைடரின் வற்புறுத்தலையும், பிசிபிஎல், பிஎல்/1 மொழிகளில் முன்பே இருந்த கோப்புச் சேர்க்கை வசதியையும் இதற்குக் காரணங்களாக ரிட்சி பதிவுசெய்துள்ளார். முன்செயலி கோப்புகளை ஒட்டி ஒரே பனுவலாக்கித் தருவதால், கோப்பின் எல்லை பகுப்பானுக்குப் புலப்படாது.

இக்குறையை ஈடுசெய்தது வரிக்குறி. அடுத்துவரும் வரியின் எண்ணையும் கோப்பின் பெயரையும் பகுப்பானுக்கு அறிவிக்கும் இக்கட்டளை, 1978இல் வெளிவந்த கெர்னிகன்-ரிட்சி நூலில் இடம்பெற்றுள்ளது. சி நிரலை உருவாக்கித் தரும் பிற முன்செயலிகளின் பொருட்டே அது அங்கு விளக்கப்படுவது கருதத்தக்கது. பின்னர் 1987இல் வெளிவந்த ஜிசிசி தொகுப்பியின் வரிக்குறிகள், புதிய கோப்பினுள் நுழைவதை 1 என்ற எண்ணாலும் பழைய கோப்புக்குத் திரும்புவதை 2 என்ற எண்ணாலும் உணர்த்துகின்றன. எக்கோப்பு எதன் வழியாகச் சேர்ந்தது என்னும் சங்கிலியைப் பிழைச்செய்தியில் காட்ட இவை உதவுகின்றன.

எனினும், வரிக்குறி உணர்த்துவது பகுப்பான் இடறிய இடத்தையே. தவறு நிகழ்ந்த இடம் வேறாக இருக்கலாம். தலைப்புக் கோப்பின் இறுதியில் ஒரு கட்டமைப்பு வரையறைக்குப் பின் அரைப்புள்ளி விடுபட்டதாகக் கொள்வோம். பகுப்பான் அடுத்த கோப்பின் முதற்சொல்லில் இடறுகிறது. குற்றமற்ற கோப்பின்மேல் பழி விழுகிறது. பழைய சி மொழியில் நிலைமை இதனினும் மோசம். செயற்கூற்றின் வகையைக் குறிப்பிடாமல் விடலாம் என்பதால், அடுத்துவரும் செயற்கூறு அக்கட்டமைப்பைத் திருப்பித் தருவதாகவே பொருள்பட்டு, இலக்கணப்பிழையே தோன்றாமல் போகலாம்.

1989ஆம் ஆண்டின் தரநிலை இதனை ஓரளவே தடுத்தது. முடிவுறாத கருத்துரையோடு கோப்பு முடியலாகாது என்று அது விதித்தது. முடிவுறாத அறிவிப்புக்கு அத்தகைய தடை இல்லை. இலக்கணம் கோப்புகளின்மேல் அன்றி, அவை ஒட்டப்பட்டபின் கிடைக்கும் சொற்றொகுதியின்மேல் வரையறுக்கப்பட்டதே காரணம். எனவே, தீர்வு பகுப்பானிடமே வரவேண்டியிருந்தது. 2007இல் திறந்த மூலமாக வெளியான கிளாங், அரைப்புள்ளி இல்லாதபோது இடறிய சொல்லைச் சுட்டாமல், அதற்கு முந்தைய சொல்லின் முடிவைச் சுட்டுகிறது. அம்முந்தைய சொல் தலைப்புக் கோப்பின் இறுதி அடைப்புக்குறி ஆதலால், செய்தியும் அக்கோப்பின் பெயரையே தாங்கி வருகிறது.