தண்ணி மாறிடுச்சு

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒருவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், நெய்வேலி என்று பதில் வருவது அபூர்வம். கும்பகோணம், நாகர்கோவில், பாலக்காடு, ராஜமுந்திரி என்றுதான் சொல்வார்கள். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் குடியேறிய ஊர் அது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை ராத்திரி பகலாக இறைத்தால்தான் அங்கே சுரங்கமே நடக்கும். அதனாலோ என்னவோ, நாங்கள் வளர்ந்த காலத்தில் தண்ணீரைப் பற்றிய பேச்சு எப்போதும் இருந்தது. லீவுக்குத் தாத்தா ஊருக்குப் போய் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு திரும்பும் பிள்ளைகளுக்கு எல்லா வீட்டிலும் ஒரே விளக்கம்தான்: "தண்ணி மாறிடுச்சு, ஒத்துக்கல."

இப்போது அதே வாக்கியத்தை டிசம்பர் மாதங்களில் கேட்கிறேன். எங்கள் பிளாக்குகளில் வளர்ந்து அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் மேற்படிப்புக்குப் போனவர்கள் லீவுக்கு வருகிறார்கள். மந்தாரக்குப்பத்தில் பானிபூரி சாப்பிட்ட இரண்டாம் நாள் படுத்துவிடுகிறார்கள். ரெண்டு வருஷத்துல உடம்பு சொகுசாயிடுச்சு என்று வீட்டில் கிண்டல் நடக்கும். இந்தக் கிண்டலுக்குப் பின்னால் ஒரு மருத்துவ வரலாறு இருக்கிறது. அதில் முக்கியமான பாத்திரங்கள் கல்லூரி மாணவர்கள்.

மருத்துவ நூல்களில் இந்தத் தொந்தரவின் பெயர் 'பயணிகளின் வயிற்றுப்போக்கு'. 1950களின் பிற்பகுதியில் பெஞ்சமின் கீன் என்ற நியூயார்க் மருத்துவர் இதை ஒழுங்காக எண்ணிப் பார்க்கத் தொடங்கினார். மெக்சிகோ போய்த் திரும்பிய அமெரிக்கர்களையும், அங்கே படிக்கப் போன அமெரிக்க மாணவர்களையும் ஆராய்ந்தார். இப்படியான ஆய்வுக்கு மாணவர்களை விடத் தோதான ஆட்கள் கிடையாது. ஒரே நேரத்தில் வந்து இறங்குவார்கள், வாரக்கணக்கில் ஒரே இடத்தில் தங்குவார்கள், தேடினால் கிடைப்பார்கள். ஆனால் நோயாளிகளில் பெரும்பாலானோரிடம் அமீபா போன்ற தெரிந்த குற்றவாளிகள் சிக்கவில்லை. வயிறு போகிறது, காரணம் தெரியவில்லை.

காரணத்துக்கான தடயம் அதற்குள் கல்கத்தாவில் அச்சாகியிருந்தது. சம்பு நாத் டே என்ற நோயியல் பேராசிரியர், முயலின் குடலில் ஒரு துண்டைக் கட்டி அதற்குள் கிருமியைச் செலுத்திப் பார்க்கும் எளிய முறையைக் கையாண்டார். காலராக் கிருமியைச் செலுத்தினால் அந்தத் துண்டில் நீர் சேர்ந்து வீங்கியது. வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த சில ஈ.கோலை கிருமிகளும் அதையே செய்தன என்று 1956இல் அவரும் சகாக்களும் எழுதினார்கள். ஈ.கோலை நம் எல்லோர் குடலிலும் சாதுவாக வாழும் கிருமி. அதில் சில வகைகள் நஞ்சு சுரக்கும் என்பது அன்றைக்குப் புதிய செய்தி. அது உலகத்தின் காதில் விழப் பல ஆண்டுகள் பிடித்தன. ஏடனில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் வயிற்றுப்போக்கில் ஈ.கோலையின் ஒரு வகை பிடிபட்ட செய்தி 1970இல் வெளியானது. 1975இல் மெக்சிகோவில் இருந்த அமெரிக்க மாணவர்களிடம் நஞ்சு சுரக்கும் ஈ.கோலை உறுதியானது.

அடுத்த ஆண்டு ஹெர்பர்ட் டுபாண்ட் குழுவினர் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். மெக்சிகோவில் படித்த மாணவர்களில், அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்தவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்தவர்கள் குறைவாகத்தான் பாதிக்கப்பட்டார்கள். சின்ன வயதிலிருந்து அந்தக் கிருமிகளோடு பழகிய குடலுக்கு ஓரளவு எதிர்ப்பு இருக்கிறது. பழக்கம் விட்டுப்போனால் எதிர்ப்பும் தேயும். நம் வீட்டு அம்மாக்கள் சொன்னது பாதி சரி. தண்ணீர் மாறியது உண்மை. அதில் இருக்கும் கிருமியை உடம்பு மறந்துபோனதும் உண்மை. நல்லவேளையாக, பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே சரியாகிவிடும். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீர் கொடுத்து உடம்பு வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த வரலாற்றில் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. பயணம் பெரும்பாலும் ஒரே திசையில் நடக்கிறது. வசதியான நாட்டு மாணவர் ஏழை நாட்டுக்குப் போகிறார், அங்கே நோய் பிடிக்கிறது. செல்லப் பெயர்களும் போன ஊரைத்தான் பழிக்கின்றன: 'டெல்லி பெல்லி', 'மாண்டிசூமாவின் பழி'. எதிர்த்திசையில், நம் ஊரிலிருந்து அங்கே படிக்கப் போகிறவரின் வயிறு எந்தக் கணக்கில் வரும்?

அப்படிப் போனவர்களில் நமக்கு மிகத் தெரிந்தவர் ராமானுஜன். 1914 மார்ச் 17இல் சென்னையில் கப்பலேறினார். 1917இல் கேம்பிரிட்ஜில் படுக்கையில் விழுந்தார். முதலில் இரைப்பைப் புண் என்றார்கள். பிறகு காசநோய் என்றார்கள். ஈரலில் புற்றுநோயோ என்ற சந்தேகமும் வந்தது. சானடோரியம் மாற்றிச் சானடோரியம் போனார். அதில் ஒன்றை நடத்தியவர் சென்னை மாகாணத்திலிருந்து போன மருத்துவர் சௌரிமுத்து. தாம்பரம் சானடோரியம் பின்னாளில் அவர் தொடங்கியதுதான். 1919இல் ஊர் திரும்பிய ராமானுஜன் 1920 ஏப்ரல் 26இல் சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32. இங்கிலாந்துக் குளிரும் போர்க்காலத்துச் சைவச் சாப்பாடும் அவரைக் கொன்றன என்பதுதான் நாம் பள்ளியில் கேட்ட கதை.

1994இல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் கிடைத்த மருத்துவக் குறிப்புகளையும் கடிதங்களையும் மறுபடி படித்தார். விட்டு விட்டு வந்த காய்ச்சல் உள்ளிட்ட அறிகுறிகள் காசநோயைவிட ஈரல் அமீபா நோய்க்குத்தான் பொருந்துகின்றன என்று வாதிட்டார். அவர் சுட்டிக்காட்டிய ஆண்டு 1906. பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன் கடுமையான சீதபேதி வந்து கும்பகோணம் திரும்பியிருந்தார். சீதபேதி நின்ற பிறகும் அமீபா குடலில் தங்கலாம். ரத்தத்தின் வழியாக ஈரலுக்குப் போய், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டலாம். இது ஊகம்தான், இனி யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் யங் சொல்வது சரியாக இருந்தால் இன்னொரு விஷயம் மனசை அறுக்கிறது. ஈரல் அமீபாவுக்கு எமெட்டின் ஊசி பலன் தரும் என்று லியனார்ட் ரோஜர்ஸ் கல்கத்தாவில் காட்டியது 1912இல், ராமானுஜன் கப்பலேறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. முதல் உலகப் போரில் சீதபேதி வந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அந்த ஊசியைப் போட்டார்கள். மருந்து இருந்தது. கிழக்கே போய் வந்த சிப்பாயிடம் "எங்கே இருந்தாய்?" என்று கேட்பது வழக்கமாகியிருந்தது. கிழக்கிலிருந்து படிக்க வந்தவரின் விஷயத்தில் குளிர், சாப்பாடு, மெலிந்த உடம்பு, இருமல் நாடு என்று கண்ணெதிரே காரணங்கள் தயாராக இருந்தன.

எங்கள் மென்பொருள் வேலையில் ஏதாவது உடைந்தால் முதல் கேள்வி, "கடைசியா என்ன மாத்தினோம்?" பெரும்பாலும் அந்தக் கேள்வியே போதும். சில பிழைகள் மட்டும் பல வருடப் பழைய வரியில் தூங்கிக்கொண்டிருக்கும். நேற்று மாற்றியதை எவ்வளவு நோண்டினாலும் கிடைக்காது. "தண்ணி மாறிடுச்சு" என்பதும் கடைசி மாற்றத்தைக் கேட்கும் கேள்விதான். முன்பு குடித்த தண்ணீரை அது கேட்பதில்லை.

இன்றைக்கு மருத்துவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கப் படித்திருக்கிறார்கள். அமீபாவுக்கு மெட்ரோனிடசோல் என்ற மலிவான மருந்து இருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் பத்து நிமிட அப்பாயின்ட்மென்ட்டில், பரீட்சை டென்ஷன்ல சாப்பிடல டாக்டர் என்று தானே காரணம் சொல்லிவிட்டு வரும் பையன்களை எனக்குத் தெரியும். இன்ஷூரன்ஸ் பயத்தில் போகாமலே இருப்பவர்களையும் தெரியும். ஜூலை, ஆகஸ்டில் நெய்வேலி வீடுகளில் பெட்டி கட்டுவார்கள். ஊறுகாய், பருப்புப் பொடி, ரசப் பொடி, காய்ச்சல் மாத்திரை என்று எடை போட்டுப் போட்டு வைப்பார்கள். அதோடு ஒரு தாளும் போகட்டும். எந்த வயதில் டைபாய்டு வந்தது, எப்போது மஞ்சள் காமாலை, எந்த வருடம் சீதபேதி, என்ன மருந்து கொடுத்தார்கள். அம்மாக்களுக்கு இதெல்லாம் தேதியோடு ஞாபகம் இருக்கும். கேட்டு எழுதிக்கொண்டால் போதும்.