பந்தியும் அடுப்பும்



எந்த மூத்த தோழரின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அவர் எந்தக் கூட்டத்துக்கும் வெறுங்கையோடு வந்ததில்லை. தோளில் ஜோல்னாப் பை, கையில் நான்கு அடுக்குக் கேரியர். துண்டறிக்கையைப் பிறகுதான் எடுப்பார். முதலில் கேரியரைத் திறப்பார். யார் கை நீட்டுகிறார்கள், யார் "இப்பத்தாங்க சாப்பிட்டு வந்தேன்" என்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அதை அவருடைய உபசாரம் என்றே நெடுநாள் நினைத்திருந்தோம். அது ஒரு சோதனையும்கூட என்பது பிறகுதான் விளங்கியது. ஆகவே, வீட்டில் ஆக்கிய சோற்றைப் பகிர்ந்துண்பதற்கு இந்தச் சேலம், நாமக்கல் சமவெளியில் என்ன வரலாறு இருக்கிறது என்பதையே இந்த ஆண்டின் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

நம் தாத்தா பாட்டிகளின் காலத்தில் சோறு ஒரு திசையில்தான் போனது. பண்ணையத்தில் பாடுபட்டவர்களுக்குக் கூலி தானியமாக அளக்கப்பட்டது. வேலை நடுவே கொடுத்த கூழும் பழைய சோறும் தொட்டுவிடாத உயரத்திலிருந்து நம் ஏனத்தில் விழுந்தன. தண்ணீர் குவித்த கைகளில் ஊற்றப்பட்டது. நாம் விதைத்து, களையெடுத்து, அறுத்து, தூற்றிக் கொடுத்த கம்பும் ராகியும் அவர்கள் வீட்டு அடுப்பேறும்வரை தீட்டாகவில்லை. அதே கம்பு நம் அடுப்பில் வெந்தால் தீட்டாகிவிட்டது. தானியத்துக்குத் தீட்டில்லை, ஆக்கிய சோற்றுக்கு உண்டு என்கிற இந்தக் கணக்கில்தான் சாதி குடியிருக்கிறது.

சமூகவியல் படித்த காலத்தில் பிரெண்டா பெக் எழுதிய நூலைப் பார்த்தோம். 1960களில் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தவர் அவர். நூல் 1972இல் வெளிவந்தது. யார் வீட்டுச் சோற்றை யார் ஏற்பார்கள், யார் மறுப்பார்கள் என்பதைக் கவனித்து, அதிலிருந்தே சாதிகளின் மேல் கீழ் அடுக்கை அவரால் காட்ட முடிந்தது. படித்தபோது நமக்கு வியப்பு ஏற்படவில்லை. நம் அம்மாக்களுக்கு அந்த அடுக்கு மனப்பாடம்.

இந்த அடுக்கை உடைக்கப் பலர் முயன்றார்கள். 1917ஆம் ஆண்டு மே 29 அன்று, கேரளத்தின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் சமபந்தி நடத்தினார். ஈழவரான அவரும் அவருடைய நண்பர்களும் புலையர்களோடு அமர்ந்து உண்டார்கள். அதற்காக அவர் சொந்தச் சாதியாலேயே ஒதுக்கப்பட்டார். 'புலையன் அய்யப்பன்' என்று இழிவாக அழைத்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வெடித்தது 1925இல். வ.வே.சு. ஐயர் 1922இல் சேரன்மாதேவியில் தொடங்கிய குருகுலத்துக்குக் காங்கிரஸ் பணம் கொடுத்திருந்தது. அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டது. இதை எதிர்த்து முன்னால் நின்றவர்களில் ஒருவர் நம் ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு, சேலத்திலிருந்து 'தமிழ்நாடு' இதழைத் தொடங்கி நடத்தியவர். இன்னொருவர் ஈரோட்டுப் பெரியார். பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் பிறப்பால் பேதம் கூடாது என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிய கேள்வி.

ஆனால் நம் இடத்திலிருந்து பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. அந்தப் பெரும் விவாதம் பந்தியைப் பற்றியது: யார் யாரோடு உட்காருவது? அந்தப் பந்திக்கு நம்மில் ஒரு பெண் சமைத்தால் எத்தனை பேர் உட்காருவார்கள் என்ற கேள்வி அந்த விவாதத்தின் மையத்துக்கு வரவில்லை.

அதே 1925இல், பிப்ரவரி 6 அன்று, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜியின் காந்தி ஆசிரமம் தொடங்கியது. திறந்து வைத்தவர் அப்போது காங்கிரசில் இருந்த பெரியார். அங்கே தலித்துகளும் மற்றவர்களோடு சேர்ந்து வாழ்ந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது சிறிய காரியம் அல்ல. என்றாலும் ஆசிரம வாசலுக்குள் இருந்த சமத்துவம் வாசலைத் தாண்டி ஊருக்குள்ளும் சேரிக்குள்ளும் நடந்து வந்ததா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நம்மை அவர்கள் இடத்துக்கு அழைத்து உட்கார வைத்தார்கள். நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்?

இங்கே அண்ணல் அம்பேத்கரின் எச்சரிக்கையை மறக்கக் கூடாது. 1936இல் வெளியிட்ட 'சாதியை அழித்தொழித்தல்' உரையில், சேர்ந்துண்பது மட்டும் சாதியைக் கொல்லாது என்று அவர் தெளிவாகச் சொன்னார். சேர்ந்து உண்ணும் சாதிகள் பல உண்டு. அவற்றுக்கிடையே சாதி சாகவில்லை. கலப்பு மணமும், சாதிக்குப் புனிதம் தரும் சாத்திரங்களின் அதிகாரத்தைத் தகர்ப்பதுமே வழி என்றார். நாமும் அதை ஏற்கிறோம். ஒருவேளைச் சோற்றில் விடுதலை வந்துவிடும் என்று சொல்ல இங்கே வரவில்லை. ஆனால் நம் கை ஆக்கியதை ஏற்காதவர்கள் நம் பிள்ளையை மருமகளாக ஏற்பார்களா? அந்தப் பெண் நாளை அவர்கள் வீட்டு அடுப்படியில் அல்லவா நிற்க வேண்டும்?

அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு உணவு விடுதிகளின் கதவைத் திறந்தது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளைக்கு எதிராக நம் இயக்கங்கள் போராடின. பல கடைகளில் இரண்டாவது குவளைக்குப் பதில் காகிதக் குவளை வந்தது. நம் தெருவுக்கு வரும் நண்பர்களும் காலத்துக்கேற்ப மாறினார்கள். வருகிறார்கள், தோளில் கை போடுகிறார்கள். சாப்பிடச் சொன்னால் "வயிறு சரியில்லீங்க" என்கிறார்கள். வற்புறுத்தினால் உரித்துத் தின்னும் வாழைப்பழமும் உடைத்துக் குடிக்கும் சோடாவும் போதும் என்கிறார்கள். நம் கை படாதது எதுவோ அது மட்டும் அவர்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது.

சட்டம் நுழைய முடியாத அந்த அடுப்படிக்குள் அரசுப் பள்ளி ஒரு வழி திறந்தது. 1956இல் காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தன. கரண்டி நம் பெண்களின் கைக்கு வந்தபோதுதான் பந்தி கலைந்தது. 2018இல் அவிநாசிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர்கள் எதிர்த்தார்கள். 2023 செப்டம்பரில், காவிரிக்கு அக்கரையில், கரூர் மாவட்டத்து வேலஞ்செட்டியூரில் காலை உணவுக்கு அதே எதிர்ப்பு. ஆட்சியர் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நினைவூட்ட வேண்டியிருந்தது. ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைகள் தலித் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கிறவர்கள். பந்தி அவர்களுக்குச் சிக்கலாக இருக்கவில்லை. அடுப்புதான் சிக்கல்.

இதனால்தான் நம் மன்றத்தின் மாதக் கூட்டங்களுக்குப் பிறகு ஓட்டல் பொட்டலம் வாங்குவதை நிறுத்தினோம். அவரவர் வீட்டில் ஆக்கியதை எடுத்து வரவேண்டும்; எடுத்து வந்ததன் பக்குவத்தையும் சொல்லவேண்டும். ராகிக் களி கொண்டுவந்த அம்மா சொன்னார்: நொய் வெந்து குழையும்போது மாவை நடுவில் குவித்துக் கொட்டு, உடனே கிண்டாதே, கட்டி தட்டிவிடும்; துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி போட்டுவிட்டு அடங்கின தீயில் வேகவிடு, பிறகு கிளறு; கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. இன்னொருவர் உப்புக்கண்டம் கொண்டுவந்தார். மாட்டுக்கறியை நீள நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்தது. பஞ்ச காலத்துக்குச் சேமித்த அறிவு அது. இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. பள்ளியில் கேரியரை மூடி மூடித் தின்ற பழக்கம் ஐம்பது வயதிலும் போகவில்லை.

கொங்குச் சமையல் என்ற பெயரில் இன்று நெடுஞ்சாலை முழுக்க உணவகங்கள் இருக்கின்றன. அந்தப் பெயருக்குள் நம் அடுப்பு இல்லை. மராத்தியில் ஷாஹூ படோலே 2015இல் மராத்வாடா தலித்துகளின் உணவைச் சமையல் குறிப்புகளோடு நூலாக்கினார். இந்தச் சமவெளிக்கும் அப்படி ஒரு நூல் வேண்டும். அதை நம் அம்மாக்கள் சொல்ல, நம் பிள்ளைகள் எழுத வேண்டும்.

சோற்றை வாங்கிக்கொள்வது இரக்கமாக இருக்கலாம், புகைப்படத்துக்காகவும் இருக்கலாம். தேர்தல் நேரத்தில் நம் வீடுகளில் இலை போட்டு உண்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களில் யாரும் "இதை எப்படிம்மா பண்ணுனீங்க?" என்று கேட்டு, போய்த் தன் வீட்டில் சமைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பக்குவம் கேட்பவர், இந்தக் கைக்குத் தனக்குத் தெரியாத ஒன்று தெரியும் என்று ஒப்புக்கொள்கிறார். தலைமுறை தலைமுறையாக நமக்கு மறுக்கப்பட்டது அந்த ஒப்புதல்தான்.

மூத்த தோழரின் கேரியர் இப்போது அவர் மகளிடம் இருக்கிறது. இன்று அதை நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறார். பின்வரிசையில் இன்னும் பல வீட்டுச் சோறும் குழம்பும் காத்திருக்கின்றன. மண்டபத்தில் எல்லாச் சாதி நண்பர்களும் இருக்கிறீர்கள். யாரும் அவசரமாகக் கிளம்ப வேண்டாம். உட்காருங்கள், சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும், ஆக்கியவர் யார் என்று தேடிப் போய் அவரிடம் பக்குவம் கேளுங்கள்.