வெடியரசன் கோட்டை: இடிபாடும் குலப்பெருமையும்

புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறி நெடுந்தீவு செல்வோர், அங்கு முருகைக்கற்களாலான இடிபாடுகளைக் காண்பர். வெடியரசன் கோட்டை என ஊரார் அவற்றை வழங்குவர். எனினும், எஞ்சியுள்ள வட்ட அடித்தளங்களைப் பௌத்த தூபிகளின் எச்சங்களெனத் தொல்லியலாளர் கொள்வர். துறவோரின் வழிபாட்டிடம் ஒரு தலைவனின் கோட்டையெனப் பெயர் பெற்றமை ஆராயற்பாலது.

கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கடலோடிய மீகாமன் வெடியரசனோடு பொருத வரலாற்றைக் 'கண்ணகி வழக்குரை' கூறும். வெடியரசனை முக்குவர் தலைவனாக மரபு போற்றும். மத்தியகால ஐரோப்பாவிலே பிரபுக்கள் நிலமளித்து மடங்களை நிறுவினர். துறவியர் அவர்தம் முன்னோர் பெயர்களை ஏட்டிற் பேணினர். அங்கு மடத்து ஏடு செய்த பணியை இங்கு வாய்மொழிக் கதை செய்தது. இடிபாடு அக்கதைக்குச் சான்றாக்கப்பட்டது.

குலப்பெருமைக்கு அடியிலே கிடந்தது பொருளியலே. முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டு நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டு வணிகர்க்குப் பாதுகாப்பளிக்கிறது. யானை, குதிரை கொணரும் மரக்கலங்கள் உடையின் காற்பங்கும், பிற சரக்குக் கலங்கள் உடையின் அரைப்பங்கும் பண்டாரத்துக்கு உரியன என விதிக்கிறது. மணிக்கான போரிலே, கடல்வழி வருவாய்க்கான போட்டியின் நிழல் படிந்துள்ளதெனக் கருத இடமுண்டு.

ஒல்லாந்தர் புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் எனப் பெயரிட்டனர். சீலாந்து மாகாணத்து மிடில்பேர்க் நகரிலும் 12ஆம் நூற்றாண்டிலே தோன்றிய துறவிமடம் ஒன்றுண்டு. 1574இல் நகர் கிளர்ச்சியாளர் கைப்பட்டபின் துறவியர் அகன்றனர். மடம் மாகாண ஆட்சியகமாயிற்று. கட்டடம் நிலைக்க, அதற்குரியோர் மாறுவது யாண்டும் காணப்படுவதே.

ஆதலின், பௌத்தமெனிற் சிங்களர்க்கே உரியதென்றும், கோட்டையெனின் நம் குலத்துக்கே உரியதென்றும் பங்கிடுதல் வரலாறாகாது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரை, தமிழகத்திலே 11ஆம் நூற்றாண்டிலும் பௌத்தம் ஆதரவு பெற்றமைக்குச் சான்றாகும். முருகைக்கல்லை அகழ்ந்தும் சுமந்தும் அடுக்கியும் உழைத்தோரின் பெயரை எக்குலக்கதையும் கூறவில்லை. அவர்களையும் உள்ளடக்கி எழுதப்படும்போதே தீவகத்தின் வரலாறு மக்கள் வரலாறாகும்.