தீண்டாமைக்கு ஓராண்டுக் கெடு

அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. அந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடர எவ்வளவு காலம் தந்திருக்கிறார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1955-ல் தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் வந்தது. கிணற்றிலோ கோயிலிலோ டீக்கடையிலோ நம்மைத் தடுத்தால் ஆறு மாதம் வரை சிறை. அப்போதிருந்த 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பொதுவான காலவரம்பு கிடையாது.

1974 ஏப்ரலில் புதிய நடைமுறைச் சட்டம் அமலானது. அதன் 468ஆம் பிரிவு, தண்டனையின் அளவை வைத்துக் காலவரம்பு போட்டது. அபராதம் மட்டும் என்றால் ஆறு மாதம். ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு. மூன்றாண்டு வரை என்றால் மூன்றாண்டு. அதற்கு மேல் என்றால் வரம்பே இல்லை. ஆறு மாதத் தண்டனை கொண்ட தீண்டாமைக் குற்றம் ஓராண்டுக் கணக்கில் விழுந்தது.

அதே 1974-ல், வருமான வரி, சுங்கம் போன்ற பொருளாதாரக் குற்றங்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது எனத் தனிச் சட்டமே இயற்றினார்கள். கஜானாவுக்கு வரவேண்டிய பணத்துக்குக் கெடு இல்லை; நம் மானத்துக்கு ஓராண்டு! 1976-ல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றியபோதும், இந்தக் குற்றங்களுக்கு உச்சத் தண்டனை ஆறு மாதமாகவே நின்றது.

1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஐந்தாண்டு வரை சிறை என்றது. அந்தக் குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லாமல் போனது. 2016 ஜனவரி 26-ல் அமலான திருத்தம், பொதுக்கிணறு, கோயில், கடை ஆகியவற்றில் தடுப்பதையும் அதற்குள் கொண்டுவந்தது. ஆனால் கடமை தவறும் அதிகாரிக்கு 4ஆம் பிரிவில் உச்சத் தண்டனை ஓராண்டுதான். எனவே அவர் மீதான வழக்குக்கும் ஓராண்டே கெடு. அதற்கும் முதலில் நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும்.

கூலி கொடுக்கிறவர் மீதே புகார் எழுத ஒரு குடும்பம் துணிவதற்குள் ஓராண்டு ஓடிவிடும் என்பது களத்தில் இருக்கிற எங்களுக்குத் தெரியும்.

2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டத்திலும் (514ஆம் பிரிவு) இதே வரம்புகள்தான். நீதியின் நலன் கருதித் தாமதத்தைப் பொறுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அது நம் உரிமை அல்ல, அவர்களின் விருப்பம்.

ஆகவே தோழர்களே, முதல் தகவல் அறிக்கை கைக்கு வந்ததும் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள். 1955 சட்டம் மட்டும் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லி அன்றே எழுதிக் கொடுங்கள்.