கான்செட் இரும்புத்தாது ரயில்கள்

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் மாவட்டத்து மலைமேட்டில் இருந்த கான்செட் உருக்காலைக்கு டைன் ஆற்று முகத்துவாரத்தின் டைன் டாக் துறையிலிருந்து தாது ஏற்றிச் சென்ற சரக்கு ரயில்களே கான்செட் இரும்புத்தாது ரயில்கள் எனப்படுகின்றன. பாதையின் நீளம் சுமார் 23 மைல். கடல் மட்டத்தில் புறப்படும் ரயில் சுமார் 900 அடி உயரத்திலுள்ள ஆலையில் போய் நிற்க வேண்டும். அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி கடைசிப் பாதித் தூரத்தில் வருகிறது. 1950-களின் தொடக்கத்திலிருந்து 1974 வரை, தனியாக வடிவமைத்த வேகன்களும் அவற்றுக்கென்றே மாற்றியமைத்த இன்ஜின்களும் இந்த வேலையைச் செய்தன. பிரிட்டனில் நீராவி இன்ஜின்கள் செய்த மிகக் கடினமான அன்றாடச் சரக்கு வேலைகளில் இதுவும் ஒன்று.

ஆலை மலைமேல் வந்த காரணம்

இரும்பு ஆலையை இவ்வளவு உயரத்தில் கட்டியது பிழையான கணக்கு அன்று. டெர்வென்ட் இரும்புக் கம்பெனி 1840-இல் இங்கே கால் ஊன்றியபோது இரும்புக்கல் பக்கத்திலேயே கிடைத்தது. கற்கரிக்கு ஏற்ற நல்ல நிலக்கரி காலடியிலேயே இருந்தது. சுண்ணாம்புக்கல் வியர்டேல் பள்ளத்தாக்கின் ஸ்டான்ஹோப்பிலிருந்து வந்தது. மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது கடலைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

உள்ளூர் இரும்புக்கல் விரைவிலேயே போதாமல் போயிற்று. 1850-இல் கிளீவ்லாந்து குன்றுகளில் பெரிய இரும்புக்கல் படிவம் கண்டுபிடிக்கப்பட்டதும் கான்செட் அங்கிருந்து கல்லை வரவழைத்தது. 1857-இல் ஒரு வங்கியின் வீழ்ச்சி ஆலையையும் உலுக்கியது. 1864-இல் கான்செட் இரும்புக் கம்பெனி என்ற பெயரில் அது மறுபடி எழுந்தது. 1873-இல் ஸ்பெயினின் பில்பாவோ பகுதியில் தாது வெட்ட ஒர்கோனேரா கம்பெனி தொடங்கப்பட்டது. ஜெர்மனியின் குருப், வேல்ஸின் டவ்லெய்ஸ், ஸ்பெயினின் இபார்ரா குடும்பம் ஆகியோருடன் கான்செட்டும் அதில் பங்காளி. அன்றுமுதல் ஆலையின் முதன்மை மூலப்பொருள் கப்பலில் வந்து இறங்கியது, ஆனால் ஊதுலைகள் மலையுச்சியில் இருந்தன. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு இந்த இடைவெளியை நிரப்பியது ரயில்பாதை. ஆலை அதே இடத்தில் நீடித்ததன் பெருமையில் பாதி ரயில்காரர்களுக்கே சேர வேண்டும்.

கயிறும் தொட்டிலும்

பாதை ஆலையைவிட மூத்தது. ஸ்டான்ஹோப்பின் சுண்ணாம்புக்கல்லையும் வழியிலுள்ள சுரங்கங்களின் நிலக்கரியையும் சவுத் ஷீல்ட்ஸ் துறைக்குக் கொண்டுசெல்ல 1834-இல் ஸ்டான்ஹோப் அண்டு டைன் ரயில்பாதை திறக்கப்பட்டது. சுமார் 34 மைல் நீளம். சமதளத்தில் குதிரைகளும் சில இன்ஜின்களும் இழுத்தன. மேட்டுச் சரிவுகளில் நிலையாக நிறுவிய நீராவி இயந்திரங்கள் கயிற்றைச் சுற்றி வேகன்களை ஏற்றின. சில சரிவுகளில் கீழிறங்கும் நிறைவேகன்களின் எடையே காலிவேகன்களை மேலே இழுத்தது.

கம்பெனி நிலத்தை விலைக்கு வாங்காமல், பாதை போகும் உரிமைக்கு மட்டும் நிலக்கிழார்களுக்கு வாடகை கொடுத்து வந்தது. அந்த வாடகைச் சுமையும் மற்றக் கடன்களும் கழுத்தை நெரிக்க, 1841-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன் தம் கட்டணத்துக்குப் பதிலாகப் பங்குகளை வாங்கியிருந்தார். அன்றைய சட்டப்படி பங்குதாரரின் பொறுப்புக்கு எல்லை இல்லை. அதனால் கம்பெனியின் கடன் அவரையே விழுங்கப் பார்த்தது. கடலோரப் பகுதியை எடுத்து நடத்த 1842-இல் பாண்டாப் அண்டு சவுத் ஷீல்ட்ஸ் கம்பெனி உருவானது. பிற்காலத் தாது ரயில்கள் ஓடியது பெரும்பாலும் இந்தத் தடத்தில்தான்.

கான்செட்டுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஹௌன்ஸ்கில் பள்ளத்தைக் கடந்த விதம் விரிவாகச் சொல்லத்தக்கது. சுமார் 160 அடி ஆழம்; இரு கரையும் செங்குத்துக்கு அருகில். ஒரு கரையில் இரண்டரை அடிக்கு ஓரடி, மறுகரையில் மூன்றடிக்கு ஓரடி என்ற சாய்வில் தண்டவாளம் போட்டிருந்தார்கள். அத்தனை சாய்வில் வேகன் தன் சக்கரத்தில் இறங்க முடியாது. எனவே ஒவ்வொரு வேகனையும் குறுக்குவாட்டில் ஒரு தொட்டில் வண்டியில் ஏற்றினார்கள். தொட்டிலின் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு அளவு. அதனால் அந்தச் சாய்விலும் மேல்தளம் மட்டமாகவே நிற்கும். பள்ளத்தின் அடியில் ஒரே ஒரு நீராவி இயந்திரம் இரு பக்கத்துக் கயிற்றையும் இழுத்தது. மணிக்கு ஒரு டஜன் வேகன் கடந்தாலே அதிகம். வளர்ந்துகொண்டிருந்த ஆலைக்கு இது நெஞ்சில் ஏறிய கல்லாக இருந்தது.

1858-இல் அங்கே தாமஸ் பௌச் வடிவமைத்த செங்கல் பாலம் எழுந்தது. 12 வளைவுகள், சுமார் 175 அடி உயரம். 1879-இல் ஸ்காட்லாந்தின் டே ஆற்றுப் பாலம் ரயிலோடு சேர்ந்து விழுந்தபோது பௌச்சின் பெயர் கெட்டது. அதே மனிதர் கட்டிய ஹௌன்ஸ்கில் பாலம் இன்றும் உறுதியாக நிற்கிறது; அவரைப் பற்றி எழுதுவோர் இதையும் எழுத வேண்டும்.

கிழக்குப் பக்கம் ஸ்டான்லி மேட்டின் கயிற்றுச் சரிவுகள் இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தன. 1890-களில் சவுத் பெலாவிலிருந்து பீமிஷ் வழியாக ஆன்ஃபீல்ட் பிளெயின் வரை வளைந்து செல்லும் புதிய பாதை போடப்பட்டபின்தான் இன்ஜின் ஒன்று துறையிலிருந்து ஆலை வரை தன் காலிலேயே ஏற முடிந்தது. பிற்காலத்தில் இன்ஜின்களைத் திணறடித்த அந்த ஏற்றம், போடப்பட்ட நாளில் பெரிய விடுதலையாக இருந்தது.

ஏற்றத்தின் கணக்கு

சவுத் பெலா சந்திப்பைத் தாண்டியதும் பாதை பெரும்பாலும் 50-க்கு 1 என்ற ஏற்றத்தில் போகிறது: 50 அடி முன்னே போனால் ஓரடி உயரும். சில துண்டுகளில் இது 35-க்கு 1. மோட்டார் வண்டிக்கு இது ஏற்றமே அல்ல. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும் ரயிலுக்கோ இது மலை.

ஒன்பது தாது வேகன்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 56 டன். மொத்தம் சுமார் 500 டன் தாது. வேகன்களின் சொந்த எடையும் கடைசியில் வரும் கார்டு வேனும் சேர்ந்தால் ரயில் 780 டன் அளவுக்கு வரும். இன்ஜினும் டெண்டரும் ஏறத்தாழ 140 டன். ஆக 920 டன். 50-க்கு 1 ஏற்றத்தில் இந்த எடை பின்னோக்கி இழுக்கும் விசை மட்டுமே 18 டன்னைத் தாண்டும். பிரிட்டிஷ் ரயில்வேயின் வலுமிக்க சரக்கு இன்ஜினான 9எஃப்பின் இழுவிசை 39,667 பவுண்டு, அதாவது 17.7 டன். சக்கர உராய்வைச் சேர்க்காமலே கணக்கு உதைக்கிறது. முழு ரயிலும் 35-க்கு 1 ஏற்றத்தில் நின்றால் தேவைப்படும் விசை 26 டன். பின்னாலிருந்து தள்ள இன்னோர் இன்ஜின் வேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே அடங்கிவிடுகிறது.

தள்ளும் இன்ஜின் சவுத் பெலாவில் சேர்ந்தது. முன் இன்ஜின் விசில் கொடுக்கும், பின் இன்ஜின் பதில் விசில் கொடுக்கும், இரண்டும் ஒன்றாக நீராவியைத் திறக்கும். ஒருவர் பார்வையில் மற்றவர் படாத தூரத்தில், ஒலியை நம்பியே இரு டிரைவர்களும் வேலை செய்தார்கள். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க மணல் தூவ வேண்டும். ஃபயர்மேனுக்கு ஏற்றம் முடியும்வரை மண்வாரியைக் கீழே வைக்க நேரமில்லை; தீ ஓரிடத்தில் மெலிந்தாலும் கொதிகலன் அழுத்தம் இறங்கிவிடும், நின்ற ரயிலை அந்த மேட்டில் மறுபடி கிளப்புவது பெரும்பாடு.

இறக்கத்துக்கும் அதற்குரிய கவலை உண்டு. ஆலையிலிருந்து உருக்குப் பொருள்கள் நிறைசுமையாகக் கீழே வந்தன. பொருள் இறங்குமுகமாகப் போவது எரிபொருளுக்கு லாபம். பிரேக்குக்கு அது சோதனை. எல்லா வேகனிலும் தொடர் பிரேக் இல்லாத காலத்தில், செங்குத்தான இறக்கம் தொடங்குமுன் ரயிலை நிறுத்தி, வேகன்களின் கைப்பிரேக்குகளை ஒவ்வொன்றாக அழுத்தி மாட்டிவிட்டு இறங்குவதே பிரிட்டிஷ் சரக்கு ரயில்களின் நடைமுறை.

காற்றால் திறக்கும் கதவுகள்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் கான்செட் தன் உற்பத்தியைப் பெருக்கியது. டைன் டாக்கில் தாதுக் கப்பல்களுக்கெனப் புதிய துறைமேடை அமைந்தது. கப்பலிலிருந்து இறக்கிய தாது உயரமான சேமிப்புக் கிடங்குகளில் நிறையும். ரயில் அவற்றின் அடியில் வந்து நின்றால் மேலிருந்து வேகன்களில் கொட்டும்.

வேகன்கள்தாம் இந்தத் திட்டத்தின் உயிர். சாதாரண நான்கு சக்கர வேகன்களின் காலத்தில் இவை இரட்டை போகி கொண்ட 56 டன் வேகன்கள். பக்கவாட்டுக் கதவுகள் அழுத்தக் காற்றால் திறந்து மூடும். ஆலையின் கொட்டுமேடையில் ரயில் நின்றதும், டிரைவர் காற்றைச் செலுத்த, கதவுகள் திறந்து ஒரு ரயிலின் தாது முழுதும் கண்ணிமைக்கும் நேரத்தில் கீழே சரிந்துவிடும். மண்வாரியோ, வேகன் வேகனாகக் கதவு தட்டும் ஆளோ தேவையில்லை. ஒரு ரயில் எவ்வளவு சீக்கிரம் காலியாகிறதோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த நடைக்குத் துறைக்குத் திரும்பலாம்.

சிக்கல் ஒன்றிருந்தது. அன்றைய பிரிட்டிஷ் ரயில்களில் பிரேக் வெற்றிடத்தால் இயங்கியது. இன்ஜினில் அழுத்தக் காற்று கிடையாது. எனவே இந்த வேலைக்கென ஒதுக்கிய இன்ஜின்களின் கொதிகலன் பக்கத்தில் வெஸ்டிங்ஹவுஸ் காற்றுப் பம்புகளைப் பொருத்தினார்கள். முதலில் ஓ1 வகை 2-8-0 இன்ஜின்களிலும், மூன்று சிலிண்டர் கொண்ட கியூ7 வகை 0-8-0 இன்ஜின்களிலும் சிலவற்றுக்கு இப்படிப் பம்பு கிடைத்தது. 1955-க்குப் பின் பத்து 9எஃப் இன்ஜின்கள் டைன் டாக் கொட்டகைக்கு வந்தன: 92060 முதல் 92066 வரை ஏழு, 92097 முதல் 92099 வரை மூன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு பம்புகள். 251 எண்ணிக்கை கொண்ட 9எஃப் குடும்பத்தில் இந்தப் பத்தும் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தன.

ராபர்ட் ரிடில்ஸின் மேற்பார்வையில் உருவான 9எஃப் இன்ஜினில் ஐந்தடி விட்டமுள்ள பத்து இயக்கு சக்கரங்கள். சுமார் 77 டன் எடை அந்தப் பத்திலும் பரவி நிற்பதால் தண்டவாளத்தை அது நன்றாகப் பற்றும். இவ்வளவு நீளமான சக்கர வரிசை வளைவில் சிக்காமலிருக்க நடு இணைக்கு விளிம்பே வைக்கவில்லை. டைன் டாக்–கான்செட் ஏற்றத்துக்கென்றே யாரும் இதை வடிவமைக்கவில்லை. ஆனாலும் இந்த இன்ஜினின் முழு வலிமையும் நாள்தோறும் சோதிக்கப்பட்ட இடம் இதைப்போல் அதிகமில்லை.

டீசலும் முடிவும்

1966 நவம்பரில் 92063-ஆம் எண் இன்ஜின் கடைசி நீராவித் தாது ரயிலை இழுத்தது. அதன்பின் 1,160 குதிரைத்திறன் கொண்ட சல்சர் டீசல் இன்ஜின்கள் இரண்டிரண்டாக இணைந்து வேலையை ஏற்றன. பிற்காலத்தில் 24 என்று வகை எண் பெற்ற இவற்றிலும், கதவுகளுக்காகக் காற்று வசதி சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு இன்ஜினும் முன்னாலேயே, ஒரே டிரைவரின் கையில். விசிலுக்கு விசில் பதில் சொல்லும் பழக்கம் அதோடு முடிந்தது.

1967-இல் ஆலை அரசுடைமையாகி பிரிட்டிஷ் உருக்குக் கழகத்தின் கீழ் வந்தது. தாதுக் கப்பல்கள் வேகமாகப் பெருத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கேற்ற ஆழ்நீர்த் துறை டீஸ் முகத்துவாரத்தின் ரெட்கார் கரையில் 1973-இல் தயாரானது. 1974 முதல் கான்செட்டுக்கான தாது ரெட்காரிலிருந்து இன்னும் நீண்ட தூரம் பயணித்து வந்தது. 37 வகை டீசல்கள் ஜோடியாக இழுத்தன. ரெட்காரில் துறைக்குப் பக்கத்திலேயே பெரிய ஊதுலை எழும்போது, தாதுவை மலைக்கு ஏற்றி அங்கே உருக்குவானேன் என்ற கேள்விக்குக் கழகத்திடம் ஒரே பதில்தான் இருந்தது. 1980 செப்டம்பர் 12 அன்று ஆலை மூடப்பட்டது. சுமார் 3,700 பேர் வேலை இழந்தனர். அடுத்த ஆண்டே நகரத்தில் மூவரில் ஒருவருக்கு வேலையில்லை என்ற நிலை. கூரைகளிலும் துணிகளிலும் படிந்துவந்த செந்தூசி நின்றது, சம்பளமும் நின்றது.

ரயில்பாதை தோற்றதால் ஆலை சாகவில்லை என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். கடைசி நாள்வரை தாது நேரத்துக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தது. கடலோரத்திலேயே உருக்கினால் அந்த ஏற்றத்தின் செலவு முழுதும் மிச்சம் என்ற நிலை வந்தபிறகு, எந்தத் திறமையான ஓட்டமும் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டியிருக்க முடியாது.

எஞ்சியவை

பயணிகள் சேவை 1955-லேயே போய்விட்டது. 1984-இல் சிறப்பு ரயில் ஒன்று வந்துபோனபின் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. கான்செட்டிலிருந்து சண்டர்லாந்து நோக்கிச் செல்லும் பழைய தடம் இப்போது மிதிவண்டிப் பாதை. இரு கடற்கரைகளை இணைக்கும் நெடும் மிதிவண்டிப் பயணத்தின் ஒரு பகுதி. கான்செட்டுக்கு அடுத்திருந்த ரோலி நிலையத்தின் கட்டடத்தைப் பெயர்த்து பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஆலைக்குள் வேலை செய்த, முதுகில் பளுதூக்கி பொருத்திய 1883-ஆம் ஆண்டு இன்ஜின் ஒன்றும் அந்த அருங்காட்சியகத்தின் சேர்ப்பில் உள்ளது. கியூ7 வகையில் 63460 பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஒன்பது 9எஃப் இன்ஜின்கள் உடைப்பிலிருந்து தப்பின. அவற்றில் டைன் டாக் இன்ஜின் ஒன்றுகூட இல்லை.