நான்கு பேர்... ஒரே மூச்சு! ஸ்ட்ரிங் குவார்டெட்டில் சேர்ந்து வாசிக்கப் பழகுவது எப்படி?

மேடையில் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. அவ்வளவுதான்! கையசைத்து வழிநடத்த ஆள் கிடையாது, தாளம் பிடிக்க டிரம்ஸும் கிடையாது. ஆனாலும், நான்கு பேரும் ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் முடிக்கிறார்கள். எப்படி?

பெரிய அரங்குகளுக்கு என்றில்லாமல், அரண்மனை மற்றும் வீட்டுக் கூடங்களில் சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்க ஐரோப்பாவில் உருவானது 'சேம்பர் மியூசிக்'. அதன் முக்கிய வடிவம்தான் ஸ்ட்ரிங் குவார்டெட். 18-ம் நூற்றாண்டில் இதற்கு உருவம் கொடுத்தவர் ஆஸ்திரியாவின் ஜோசஃப் ஹைடன். ஆளுக்கொரு தனிப்பகுதி என்பதால், தடுமாறினால் ஒளிந்துகொள்ள இடமில்லை.

மூச்சுதான் சிக்னல்

தொடங்குவதற்கு முன், ஒருவர் மூச்சை இழுத்தபடி வயலினை லேசாக உயர்த்துவார். அந்த மூச்சின் வேகம்தான் இசையின் வேகம். எப்போதும் முதல் வயலின்தான் சிக்னல் கொடுக்கணும்னு இல்லை. அந்த இடத்தில் மெட்டு யாரிடம் இருக்கிறதோ, மற்றவர்கள் அவரைக் கவனிப்பார்கள்.

சுருதி... கீழிருந்து மேலே!

தந்திகளைச் சுருதி சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. இந்த வாத்தியங்களில் கிட்டார் மாதிரி கட்டைகள் இல்லை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் விரல்தான் தேடிப் பிடிக்கணும். மேஜர் கார்டில் மூன்றாவது ஸ்வரத்தை வாசிப்பவர், பியானோவில் இருப்பதைவிட அதை இம்மியளவு இறக்கினால்தான் நான்கு ஒலிகளும் ஒன்றாக இழையும். அதனால் பயிற்சியில் முதலில் செல்லோ மட்டும் நீளமாக ஒலிக்கும். அதன்மேல் ஒவ்வொருவராக, விரலை அசைக்காமல் நிதானமாகச் சேர்வார்கள்.

கேட்கப் பழகுங்கள்

நீங்களும் நண்பர்களோடு சேர்ந்து வாசிப்பவரா? இவற்றை முயன்று பாருங்கள்:

* இரண்டிரண்டு பேராக வாசியுங்கள். குறிப்பாக, மெட்டு இல்லாத நடுப்பகுதிகளைத் தனியாக.
* முதுகைத் திருப்பி உட்கார்ந்து, காதை மட்டும் நம்பி வாசியுங்கள்.
* மொபைலில் பதிவு செய்து, சேர்ந்து கேளுங்கள்.

கருத்து மோதல் வந்தால்?

கஷ்டமான பாடம் இதுதான். நான்கு பேர் என்பதால் ஓட்டெடுப்பு இரண்டுக்கு இரண்டு என நின்றுவிடலாம். பலரும் கடைப்பிடிக்கும் வழி, எந்த யோசனையையும் வாசித்துப் பார்க்காமல் நிராகரிக்காதே என்பதுதான். 1976 முதல் 2023 வரை இயங்கிய அமெரிக்காவின் எமர்சன் குவார்டெட்டில், வயலின் கலைஞர்கள் இருவரும் முதல் வயலின் இடத்தை மாறி மாறிப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஒருவர் இல்லாமல் போனால்? 1964-ல் தொடங்கிய குவர்னேரி குவார்டெட்டில் 2001-ல் செல்லோ கலைஞர் மாறினார். குழு 2009 வரை தொடர்ந்தது. லண்டனின் அமாடியஸ் குவார்டெட்டில் அதே நால்வர்தான் சுமார் 40 ஆண்டுகள் வாசித்தார்கள். 1987-ல் வியோலா கலைஞர் பீட்டர் ஷிட்லாஃப் மறைந்ததும், வேறு ஆளைச் சேர்க்காமல் மற்ற மூவரும் குழுவையே கலைத்துவிட்டார்கள். ஸ்வரங்களை வாசிக்க இன்னொருவர் கிடைத்திருப்பார். 40 வருடம் சேர்ந்து பழகிய மூச்சு?

அடுத்த முறை ஒரு குவார்டெட் வீடியோ பார்த்தால், மெட்டு வாசிப்பவரை விட்டுவிட்டு வியோலாவைக் கவனியுங்கள். யார் யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது புரியும்.