கூரையில் வைத்த காதுகள்

வெளிநாடு போற சொந்தக்காரரைக் கட்டுநாயக்காவில ஏத்திவிட்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் போனில் அந்தச் சின்ன மஞ்சள் விமானத்தைப் பார்த்துக்கொண்டு வருவது எங்களில் பலருக்குப் பழக்கம். அதை அந்த இடத்தில் காட்டுவது யார் என்று யோசித்திருக்கிறோமா? பெரும்பாலும், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் தன் வீட்டுக் கூரையில் கட்டிய அன்டெனா.

இன்றைய விமானங்கள் பல, தாங்கள் நிற்கும் இடத்தை 1090 மெகாஹேர்ட்ஸில் தாங்களே சொல்லிக்கொண்டு போகின்றன. 2012 அளவில், கணினியில் ரீவி பார்க்கவென்று விற்ற மலிவான யுஎஸ்பி குச்சியை வைத்தே இப்படியான அலைகளைப் பிடிக்கலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அதோட விஷயம் சாதாரண ஆக்களின் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் எல்லா விமானமும் இடத்தைச் சொல்லாது. சில, அடையாள எண்ணையும் உயரத்தையும் மட்டும் சொல்லும். அவற்றைப் பிடிக்கிற கணக்கு முதலாம் உலகப்போர்க் காலத்தது. லோரன்ஸ் பிராக் என்ற இளம் விஞ்ஞானி, 1915இல் நோபல் பரிசு பெற்றவர், பிரித்தானியப் படைக்காக மைக்குகளை வரிசையாக வைத்தார். ஒரே வெடிச்சத்தம் ஒவ்வொரு மைக்குக்கும் எவ்வளவு பிந்தி வருகிறது என்று அளந்து, ஒளித்து வைத்த ஜேர்மன் பீரங்கி எங்கே என்று கணித்தார்கள்.

கூரைக்காரர் செய்வதும் இதைத்தான். ஒரே சிக்னலைப் பொதுவாக நாலு கருவிகளாவது கேட்கவேண்டும். ரேடியோ அலை ஒரு மைக்ரோசெக்கனில் 300 மீற்றர் ஓடிவிடும். மலிவுக் குச்சிகளின் கடிகாரமோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதற்கு அவர்கள் கண்ட வழிதான் எங்களுக்கு நல்லாப் பிடிச்சது: இடத்தைச் சொல்லும் விமானங்களின் செய்தி தங்களுக்கு வந்த நேரத்தை ஒப்பிட்டு, கடிகாரங்களை ஒத்திசைக்கிறார்கள். சொல்லுற விமானம் சொல்லாததைக் காட்டிக்கொடுக்குது.

தனியொருவரால் ஏலாத வேலை இது. அப்போ அது யாருடைய சொத்து? ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் என்ற வலையமைப்பு, இராணுவ விமானங்களையும் பணக்காரரின் ஜெற்களையும் மறைக்காமல் காட்டிப் பெயரெடுத்தது. 2023 ஜனவரியில் ஜெட்நெட் என்ற நிறுவனம் அதை வாங்கியது. தரவை இலவசமாகக் கொடுத்த தொண்டர்கள் பலர் கொதித்துப்போனார்கள். சட்டப்படி பிழை இல்லாமல் இருக்கலாம். அவர்களின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறோம். பலர் தங்கட கருவிகளை வேறு வலையமைப்புகளுக்கு மாற்றினார்கள்.

ஒரு பகுதியில் நாலு கருவிகளில் ஒன்று விலகினாலும், இடத்தைச் சொல்லுற விமானங்கள் திரையில் தொடர்ந்து தெரியும். முதலில் மறைவது சொல்லாதவைதான்.